குடல் இடம் மாறியிருந்தால் ஆபத்தா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது. தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தை ஒன்பதாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்தது. அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்து, குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "மால்ரொட்டேஷன், மிட்கட் வால்வுலஸ், லாட்ஸ் ப்ரொசீஜர்" என்று எழுதியிருக்கிறார்கள்; அதாவது குடல் சரியாகச் சுற்றி அமையாத குறை, அதனால் வந்த குடல் முறுக்கு, அதற்குச் செய்த அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் கழித்து 38 வயது அண்ணனுக்குச் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் அதே "மால்ரொட்டேஷன்" என்ற வார்த்தை. அண்ணனுக்கும் உடனே ஆபரேஷன் வேண்டுமா? இது குடும்ப வியாதியா? குழந்தையின் குடலைச் சரியான இடத்தில் திருப்பி வைத்துவிட்டார்களா? கர்ப்பகால ஸ்கேனில் ஏன் தெரியவில்லை?

நான் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன். முதலில் பதட்டத்தைக் குறைக்கும் இரண்டு பதில்கள். உங்கள் அண்ணனுக்கு வயிற்றுத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அவசரம் ஒன்றும் இல்லை. உங்கள் தங்கை மகளின் குடலை "சரியான இடத்தில்" யாரும் வைக்கவில்லை. அப்படி வைப்பது இந்த அறுவை சிகிச்சையின் நோக்கமே கிடையாது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: குடல் வயிற்றின் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதால் ஆபத்து வருவதில்லை, அது எவ்வளவு குறுகலான அடியில் தொங்குகிறது என்பதால் வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கருவில் ஆறாவது வாரம் வாக்கில் குடல் வேகமாக நீள்கிறது. வயிற்றுக்குள் அதற்கு இடம் போதாது, கல்லீரலே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் நடுக்குடல் முழுவதும் தொப்புள்கொடிக்குள் வெளியே போய் வளர்கிறது. பத்தாவது வாரம் வாக்கில் திரும்ப உள்ளே வருகிறது. போகும்போதும் வரும்போதும், தனக்கு ரத்தம் தரும் மேல் குடல் தமனியை அச்சாக வைத்து, முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், மொத்தம் 270 டிகிரி சுற்றுகிறது. முதல் 90 டிகிரி வெளியே, மீதி 180 திரும்பி வரும்போது.

இந்தச் சுற்று முடிந்தால் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் தமனிக்குப் பின்னால் புகுந்து, முதுகெலும்புக்கு இடது பக்கம் மேலே போய் நிலைபெறும். அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் தசைநாருக்கு, 1853இல் அதை விவரித்த ட்ரைட்ஸ் என்பவரின் பெயர். பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வலது அடிவயிற்றுக்கு வந்து சேரும், குடல்வால் அதோடு ஒட்டியிருக்கும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இடது மேலிலிருந்து வலது கீழாகச் சாய்வாக ஓடும் கோடுதான் குடல்தாங்கிச் சவ்வின் அடி. மருத்துவர்கள் இந்தச் சவ்வை மெசென்டரி என்பார்கள்.

பெரியவர்களுக்கு அந்த அடியின் நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். அதில் தொங்கும் சிறுகுடலோ ஆறு மீட்டர் அளவு. புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே விளிம்பு நீளமாக விரிந்திருக்கும், மேலே இடுப்பில் ஒரு சாண் அகலத்தில் செருகியிருக்கும். அகலமாகச் செருகிய கொசுவம் எவ்வளவு நடந்தாலும் முறுக்கிக்கொள்ளாது. மொத்தக் கொசுவத்தையும் ஒரே ஒரு ஊக்கில் குத்தித் தொங்கவிட்டால்? அப்படித் தொங்குவதுதான் மால்ரொட்டேஷன்.

சுற்று பாதியில் நின்றுவிட்டால் இடது மேலே போயிருக்க வேண்டிய முனையும் வலது கீழே வந்திருக்க வேண்டிய முனையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. அடி ஒரு காம்பு அளவுக்குச் சுருங்கிவிடும். சிறுகுடல் முழுமைக்கும், பெருங்குடலின் முதல் பாதிக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனியும் சிரையும் அந்தக் காம்புக்குள்தான் ஓடுகின்றன. போதாததற்கு, சீக்கத்தை வலது வயிற்றுச் சுவரோடு ஒட்டவேண்டிய நார்ப் பட்டைகள், சீக்கம் மேலேயே நின்றுவிட்டதால், டியோடினத்தின் குறுக்கே போய் அதை அழுத்தும். லாட் பட்டைகள் என்பது இவைதான்.

எல்லா மால்ரொட்டேஷனும் ஒன்றல்ல. குடல் சுற்றவே இல்லாமல், சிறுகுடல் முழுவதும் வலப்பக்கம், பெருங்குடல் முழுவதும் இடப்பக்கம் என்று கிடக்கும் ஒரு வகை உண்டு, நான்-ரொட்டேஷன் என்பார்கள். படத்தில் பார்த்தால் மிக விசித்திரமாக இருக்கும், ஆனால் இரண்டு முனைகளும் ஓரளவு விலகியிருப்பதால் முறுக்கிக்கொள்ளும் அபாயம் குறைவு. பாதியில் நின்ற வகையில் படம் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. ஆபத்து அங்கேதான் அதிகம். தலைகீழாகச் சுற்றி, பெருங்குடல் தமனிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. அது மிக அரிது, விட்டுவிடுகிறேன்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? ஏறக்குறைய 500 பிறப்புக்கு ஒன்று என்று பாடநூல்கள் சொல்லும். அறிகுறி காட்டுவது ஏறக்குறைய 6000 பிறப்புக்கு ஒன்று. இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால், இந்தக் குறையோடு பிறந்தவர்களில் மிகப் பலர் தெரியாமலேயே வாழ்ந்துவிடுகிறார்கள் என்று புரியும். அறிகுறி காட்டுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிறது, பெரும்பாலோருக்கு ஒரு வயதுக்குள்.

சரி, பச்சை வாந்திக்கு வருவோம். இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியை மட்டும் யாராவது படிப்பதாக இருந்தால் இதைப் படிக்கட்டும்.

பித்தநாளம் டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் திறக்கிறது. அடைப்பு அதற்கு மேலே இருந்தால் வாந்தியில் பால் மட்டும்தான் வரும். மூன்று முதல் ஆறு வாரக் குழந்தைகள் பாலைப் பீய்ச்சி அடிக்கிற பைலோரிக் ஸ்டெனோசிஸ் (இரைப்பை முடியும் வாய் தடித்துக் குறுகுவது) அப்படிப்பட்டது. அதற்கும் அறுவை சிகிச்சை வேண்டும், ஆனால் நீர்ச்சத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த நாள் செய்யலாம். அடைப்பு பித்தநாளத்துக்குக் கீழே இருந்தால் பித்தம் திரும்பி வயிற்றுக்கு வந்து வாந்தியில் பச்சையாக வெளியேறும். பிறந்த குழந்தை கிளிப்பச்சையோ பாசிப்பச்சையோ வாந்தி எடுத்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது குடல் முறுக்கு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கிருமித் தொற்று, குடல் மூடிப் பிறத்தல், ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் (பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறப்பது) என்று வேறு காரணங்களும் உண்டு. சில குழந்தைகளுக்குக் கடைசியில் ஒன்றுமே இருக்காது. ஆனால் மற்றவை சில மணி நேரம் பொறுக்கும், முறுக்கிய குடல் பொறுக்காது.

முறுக்கு பெரும்பாலும் கடிகாரத் திசையில் விழுகிறது. முதலில் சிரை அடைபடும், குடல் வீங்கும், அப்புறம் தமனியும் அடைபடும். ரத்தம் முழுவதும் நின்றுபோன குடல் ஆறு மணி நேரம் அளவில் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். ரத்தம் எப்போது முழுவதும் நின்றது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது என்பதால், வாந்தியைப் பார்த்த நேரத்திலிருந்தே கணக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஏமாற்றும் விஷயங்கள் சில உண்டு. அடைப்பு மேலேயே இருப்பதால் வயிறு உப்பாது, தொட்டால் மெத்தென்றே இருக்கும். அடைப்புக்குக் கீழே இருந்த மலம் வழக்கம்போல் வெளியேறும். எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கலாம். "வயிறு உப்பவில்லை, மோஷன் போயிருக்கிறது, எக்ஸ்ரே நார்மல், நாளைக் காலை பார்ப்போம்" என்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இந்த நோயில் அந்த மூன்றும் எதையும் நிரூபிப்பதில்லை. வயிறு உப்புவதும், மலத்தில் ரத்தம் வருவதும், குழந்தை சாம்பல் நிறமாகத் துவண்டுபோவதும் தாமதமான அறிகுறிகள். அப்போது குடலின் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். உங்கள் தங்கை குழந்தையை அன்றே கொண்டுபோனார், அன்று இரவே திறந்தார்கள். அது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, யாரோ ஒருவர் நிறத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கிறார்.

நிறத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. பித்த வாந்தி என்றால் மஞ்சள் என்றுதான் பலர் மனத்தில் இருக்கிறது, பெரியவர்கள் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் கசப்பு வாந்தியைப் பார்த்த பழக்கம். சீம்பால் குடித்த குழந்தையின் வாந்தியும் முதல் சில நாட்கள் மஞ்சளாகத்தான் இருக்கும். எச்சரிக்கை நிறம் பச்சை. சந்தேகமாக இருந்தால் துணியைத் துவைத்துவிடாதீர்கள், அப்படியே எடுத்துவாருங்கள். வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாலும் போதும். "கொஞ்சம் பச்சையா, கலங்கலா இருந்துச்சு" என்ற விவரணையைவிட அது ஆயிரம் மடங்கு உதவும்.

நம் ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தை வாந்தி எடுத்து அழுதால் "குடல் ஏறிடுச்சு" என்று எண்ணெய் தடவித் தட்டிவிடுபவரிடம் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எல்லாம் அதற்குப் பக்கத்திலேயே. அதை நம்புகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. குழந்தைகள் வாந்தி எடுப்பதில் பெரும்பங்கு வெறும் எதுக்களிப்பு, தட்டினாலும் தட்டாவிட்டாலும் தானாகவே நின்றுவிடும். அதனால் தட்டியது வேலை செய்த மாதிரியே இருக்கும். கையால் வெளியிலிருந்து தட்டியோ தடவியோ முறுக்கிய குடலைத் திருப்ப முடியாது. அதற்குச் செலவாகும் அரை நாள்தான் பிரச்சினை. வெள்ளை வாந்திக்கு என்னவோ செய்துகொள்ளுங்கள் என்றுகூட விட்டுவிடுவேன். பச்சை வாந்திக்கு நேராக மருத்துவமனை.

எந்த மருத்துவமனை என்பதும் முக்கியம். பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யும் குழு இருக்கிற இடமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பும் மருத்துவர் செய்யவேண்டியது அதிகமில்லை: பால் நிறுத்தி, மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போட்டு, டிரிப் ஏற்றி, குழந்தையைக் கதகதப்பாகப் போர்த்தி, போன் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். வழியில் ஸ்கேன் சென்டரில் இறங்கி ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு போங்கள் என்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன்.

உறுதிப்படுத்தும் பரிசோதனை என்பது, குழந்தைக்கு எக்ஸ்ரேயில் தெரியும் திரவம் கொஞ்சம் கொடுத்து டியோடினம் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பது. அது முதுகெலும்பைத் தாண்டி இடப்பக்கம் ஏறி, இரைப்பை முடியும் மட்டத்துக்கு வந்தால் சுற்று முடிந்திருக்கிறது. வலப்பக்கமே கீழே இறங்கினால் முடியவில்லை. சுருள் சுருளாக இறங்கினால் ஏற்கெனவே முறுக்கியிருக்கிறது. அல்ட்ராசவுண்டிலும் நிறையத் தெரியும்: சிரை தமனிக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், இடம் மாறியிருந்தால் சந்தேகம், சிரையும் குடலும் தமனியைச் சுற்றிச் சுழல்வது தெரிந்தால் நேராகத் தியேட்டர்தான். குழந்தை ஏற்கெனவே மோசமாக இருந்தால் எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் திறப்பதுதான் சரி.

அறுவை சிகிச்சையின் பெயருக்குச் சொந்தக்காரர் வில்லியம் லாட், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். அவருக்கு முன்பே, 1923இல், எடின்பரோவில் நார்மன் டாட் என்ற இளம் மருத்துவர் குடல் எப்படிச் சுற்றுகிறது, எங்கெங்கே நின்றுபோகிறது என்பதைத் தெளிவாக எழுதிவிட்டார். (டாட் பிற்பாடு மூளை அறுவை சிகிச்சைக்குப் போய் அதில்தான் பெரும்புகழ் பெற்றார்.) அந்தக் காலத்தில் முறுக்கைப் பிரித்துவிட்டு வயிற்றை மூடிவிடுவார்கள், பல குழந்தைகள் அப்புறமும் வாந்தி எடுத்து இறந்துபோனார்கள். 1936இல் லாட் எழுதிய கட்டுரையின் சாரம் இது: முறுக்கைப் பிரித்தால் மட்டும் போதாது, டியோடினத்தின் மேல் குறுக்கே கிடக்கும் பட்டைகளையும் வெட்டி அதை விடுவிக்க வேண்டும், சீக்கத்தை இடப்பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதன்பின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. அந்த முறைதான் இன்றுவரை, பெரிய மாற்றமில்லாமல், நடக்கிறது.

உங்கள் தங்கை மகளுக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்றால்: குடல் முழுவதையும் வெளியே எடுத்து, கடிகாரத்தின் எதிர்த்திசையில் முறுக்கைப் பிரித்திருப்பார்கள். ஒரு சுற்று முதல் மூன்று சுற்றுவரைகூட இருக்கும். கறுத்த குடலை வெதுவெதுப்பான ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். கறுப்பு மெல்ல ஊதாவாகி, ஊதா சிவப்பாகி, ரத்த ஓட்டம் திரும்பும். திரும்பாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெட்டாமல் மூடிவிட்டு, ஒன்று இரண்டு நாளில் மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு. அப்புறம் பட்டைகளை வெட்டி, டியோடினத்தை நேராக்கி, அதற்குள் வேறு அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, மிக முக்கியமாக, நெருங்கி ஒட்டியிருக்கும் இரண்டு முனைகளையும் பிரித்துச் சவ்வின் அடியை விரித்திருப்பார்கள். கடைசியில் சிறுகுடல் முழுவதும் வலப்பக்கம், பெருங்குடல் முழுவதும் இடப்பக்கம்.

இப்போது கவனியுங்கள். அந்தக் கடைசி நிலை மேலே சொன்ன நான்-ரொட்டேஷன் நிலையேதான். 270 டிகிரி சுற்றவைத்து இயல்பான இடத்தில் பொருத்த யாரும் முயல்வதில்லை. அடியை அகலமாக்க எளிய வழி இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளிவைப்பது, அவ்வளவுதான். குழந்தை சாப்பிடும், வளரும், ஓடும்; சாப்பாட்டில் எந்தப் பத்தியமும் தேவையில்லை. குடல்வாலையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். விட்டுவைத்தால் இருபது வருடம் கழித்து இடப்பக்கம் வலி வரும்போது அது குடல்வால் வலி என்று யாருக்கும் தோன்றாது.

மறுபடி முறுக்குமா? மிகச் சிலருக்கு. அறுவை சிகிச்சைக்குப் பின் உள்ளே உருவாகும் ஒட்டல்கள் குடலை அங்கங்கே பிடித்துவைப்பதும் பாதுகாப்புக்கு உதவுகிறது. அதே ஒட்டல்கள் சில குழந்தைகளுக்குப் பின்னாளில் அடைப்பை உண்டாக்குவதும் நடக்கிறது. லாப்ரோஸ்கோப்பியில் செய்தால் தழும்பு சிறிது, ஒட்டலும் குறைவு, அதனாலேயே மறுபடி முறுக்கும் வாய்ப்பு கூடுமோ என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. முறுக்கிக்கொண்டிருக்கும் பச்சைக் குழந்தைக்குத் திறந்து செய்வதே மேல் என்பது என் கட்சி. எப்படியானாலும், எந்த வயதிலும், இந்தக் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தாமதமாகி, குடலின் பெரும்பகுதியை எடுக்க நேர்ந்தால் வாழ்க்கை வேறு மாதிரி. பிறந்த குழந்தையின் சிறுகுடல் இரண்டு முதல் இரண்டரை மீட்டர் அளவு. அதில் மிகக் கொஞ்சமே மிஞ்சினால் வாயால் சாப்பிடுவது உடம்புக்குப் போதாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ரத்தக்குழாய் வழியாக ஊட்டச்சத்து ஏற்ற வேண்டியிருக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், குழாயில் கிருமி சேரும், செலவும் தாங்காது. மிஞ்சிய குடல் மெல்ல வளர்ந்து ஈடுகட்டும் குழந்தைகளும் உண்டு. கடைசி வழியான சிறுகுடல் மாற்று அறுவை சிகிச்சை சென்னையிலும் செய்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் போகாமலிருப்பதற்காகத்தான் மேலே பச்சை நிறத்தைப் பற்றி அவ்வளவு நீட்டினேன்.

இனி, கூடவே வரும் பிறவிக் குறைகள். குடல் தொப்புள்கொடியிலிருந்து வயிற்றுக்குத் திரும்பி ஒழுங்காக அமைய வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் திரும்புதலைக் கெடுக்கும் எதுவும் சுற்றையும் கெடுக்கும். தொப்புள் வழியாக உறுப்புகள் பையோடு வெளியே நிற்கும் ஆம்ஃபலோசீல், பை இல்லாமல் தொப்புளுக்குப் பக்கத்தில் குடல் வெளியே வந்துவிடும் காஸ்ட்ரோஸ்கைசிஸ், உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் மார்புக்குள் ஏறிவிடும் குறை, இந்த மூன்றிலும் குடல் இயல்பாகச் சுற்றி நிலைபெற்றிருக்காது. அது கூடவே வருவது என்று எடுத்துக்கொண்டே சிகிச்சை நடக்கும்.

அடுத்தது ஹெட்டரோடாக்ஸி: உடலின் இடம் வலம் ஒதுக்கீடே குழம்பிப்போன குழந்தைகள். இவர்களுக்கு இதயத்தில் சிக்கலான குறை இருக்கும், மண்ணீரல் இல்லாமலோ பல துண்டுகளாகவோ இருக்கும், குடலும் பெரும்பாலும் சுற்றியிருக்காது. இதயம் பலவீனமாக இருக்கும்போது அறிகுறியே இல்லாத குடலுக்காக அறுவை சிகிச்சை செய்யலாமா என்பது நெடுநாள் விவாதம். முதலில் இதயம், குடலைக் கண்காணிப்பில் வைக்கலாம் என்ற பக்கம் இப்போது பலர் சாய்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

டியோடினமே மூடியோ, உள்ளே சவ்வு குறுக்கிட்டோ பிறப்பதும் மால்ரொட்டேஷனோடு சேர்ந்து வரும். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். கணையம் டியோடினத்தைச் சுற்றி வளையமாக இருப்பதும் இதே கூட்டம்தான். டியோடினத்தைச் சோதிக்காமல் பட்டைகளை மட்டும் வெட்டிவிட்டு வந்தால் வாந்தி தொடரும் என்பதற்காகத்தான் உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயும், மெக்கல் பையும் சில குழந்தைகளிடம் கூடவே இருக்கும். மெக்கல் பை என்பது கருவில் இருந்த ஒரு குழாயின் மிச்சமாகச் சிறுகுடலில் நிற்கும் சின்னப் பை, நூறில் இரண்டு பேருக்கு இருக்கும். கண்டுபிடித்தாலே பயப்பட வேண்டியதில்லை.

கர்ப்பகால ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில் வயிற்றுச் சுவர்க் குறைகள் தெரியும், உதரவிதான ஓட்டை தெரியும். டியோடினம் மூடியிருந்தால் இரட்டைக் குமிழியாக, பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் பின்னால், தெரியவரும். ஆனால் சும்மா சுற்றாமல் கிடக்கும் குடல் கருவில் அடைப்பையும் உண்டாக்காது, உருவத்தையும் மாற்றாது. சுருங்கிக் கிடக்கும் குடல் வளையங்களில் எது எந்தப் பக்கம் போகிறது என்று அந்த ஸ்கேனில் சொல்ல முடியாது. ஸ்கேன் பார்த்தவர் மேல் குற்றமில்லை. உங்கள் தங்கை சாப்பிட்டதாலோ பயணம் போனதாலோ வந்ததும் இல்லை. இது முடிவாகும் நேரம் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம்.

குடும்பத்தில் தொடருமா? பெரும்பாலும் தனித்தே வருகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இருந்த அரிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன, சில மரபணுக்களும் சம்பந்தப்படுகின்றன. ஆனாலும் குழந்தைக்கு இதயக் குறையோ வேறு பிறவிக் குறையோ இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வீட்டில் இரண்டு பேருக்கு இருப்பதால் எல்லோரும் வரிசையில் நின்று ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. தங்கைக்கு அடுத்த குழந்தை பிறந்தால் வாந்தியின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதை எல்லாத் தாய்மார்களுக்கும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அண்ணன். பெரியவர்களிடம் மால்ரொட்டேஷன் இரண்டு விதமாக வெளிப்படுகிறது. ஒன்று, உங்கள் அண்ணனைப் போல வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக. இன்னொன்று, வருடக்கணக்காக ஆளைப் படுத்தி எடுத்த பிறகு. இந்த இரண்டாவது வகையினரின் கதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சாப்பிட்ட பின் மேல்வயிற்றில் சுருட்டிப் பிடிக்கும் வலி, அவ்வப்போது வாந்தி, வாந்தி எடுத்தால் நிம்மதி, அப்புறம் சில வாரம் ஒன்றும் இல்லை. கேஸ் என்பார்கள், அல்சர் என்பார்கள், ஐபிஎஸ் (எரிச்சல் குடல்) என்பார்கள், மனக்கவலை என்பார்கள். சாப்பிடப் பயந்து மெலிந்துபோன இளம்பெண்களை வேண்டுமென்றே சாப்பிடாமல் இருக்கிறாள் என்று திட்டிய குடும்பங்கள் உண்டு. எண்டோஸ்கோப்பி நார்மலாகவே வரும். அந்தக் குழாய் வழக்கமாக டியோடினத்தின் இரண்டாம் பகுதிவரைதான் போகிறது, திருப்பம் தவறும் இடம் அதற்கு அப்பால் இருக்கிறது. குடல் முறுக்கி, தானே பிரிந்து, மறுபடி முறுக்குவதால் வலியில்லாத நாளில் எடுத்த ஸ்கேனும் கைவிரித்துவிடலாம். இப்படிப்பட்டவர்களுக்கு மால்ரொட்டேஷன் என்று தெரிந்துவிட்டால் லாட் அறுவை சிகிச்சைதான் வழி. பெரும்பாலோருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. எல்லோருக்கும் முழுமையாக இல்லை. நெடுநாள் அடைபட்டு விரிந்துபோன டியோடினம் மந்தமாகவே வேலை செய்யக்கூடும்.

இதே சுழற்சிக் கோளாறின் இன்னொரு முகம் பாரா-டியோடினல் ஹெர்னியா. சிறுகுடல் பெருங்குடலின் சவ்வுக்குப் பின்னால் ஒரு பைக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும், பெரும்பாலும் இடப்பக்கம். வயிற்றில் முன்பு எந்த அறுவை சிகிச்சையும் நடக்காத, வெளியே ஹெர்னியாவும் இல்லாத பெரியவருக்குக் குடல் அடைப்பு வந்தால் இதையும் நினைக்க வேண்டும்.

தற்செயலாகக் கண்டுபிடித்தவர்களுக்கு என்ன செய்வது என்பதில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. சின்னக் குழந்தை என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையின் பக்கம்தான் தட்டு சாயும். முன்னால் வாழ்நாள் முழுவதும் இருக்கிறது, வயிற்று வலியைச் சொல்லவும் தெரியாது. நடுவயதுவரை தொந்தரவே இல்லாமல் வந்த ஒருவருக்குக் கண்காணிப்பு நியாயமான வழி என்று அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவர்கள் சங்கம் 2015இல் செய்த ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. அதற்குப் பின்னாலுள்ள ஆதாரங்கள் வலுவானவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எந்த வயதிலும் முறுக்கு வரக்கூடும் என்பதால் எல்லோருக்கும் செய்துவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து: அடி அகலமாக இருக்கும் நான்-ரொட்டேஷன், தொந்தரவு எதுவும் கிடையாது, ஆளுக்கு விஷயம் தெரியும், பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறது என்றால் விட்டுவிடலாம். கடலில் மாதக்கணக்கில் இருப்பவர், தொலைதூர வேலைக்குப் போகிறவர், கர்ப்பம் தரிக்கப் போகும் பெண் என்றால் இன்னொரு முறை யோசிப்பேன்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் சிடி வழக்கமாகக் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுப்பது. அதில் கல் நன்றாகத் தெரியும், ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியாது. குடல் வளையங்கள் கிடக்கும் பக்கத்தை வைத்துத்தான் ரேடியாலஜிஸ்ட் எழுதியிருப்பார். எந்த வகை, அடி எவ்வளவு அகலம் என்று அதை வைத்துத் தீர்மானிப்பது கடினம். ஒரு குடல் அறுவை மருத்துவரிடம் படங்களைக் காட்டி, காண்ட்ராஸ்ட் சிடி தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். கல்லும், சிறுநீரகம் வேலை செய்யும் அளவும் சீரான பிறகு எடுத்தால் போதும். அதற்கு முன் அண்ணன் தனக்குத்தானே ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: சின்ன வயதிலிருந்து "வாயுத் தொல்லை" என்று ஒதுக்கிய, சாப்பிட்ட பின் வரும் வலி ஏதாவது உண்டா? பலர் இல்லை என்பார்கள். மனைவியையோ அம்மாவையோ கேட்டால்தான் உண்டு என்று வரும். அந்தப் பதிலைப் பொறுத்து முடிவே மாறும்.

எப்படியும் அந்த ரிப்போர்ட்டின் ஒரு பிரதியைப் போனில் வைத்துக்கொள்ளட்டும். நாளைக்குக் குடல்வால் வீங்கினால் வலி இடப்பக்கமோ நடுவிலோ வரலாம், கொலோனோஸ்கோப்பி செய்பவருக்கும் வழி குழம்பும். குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் லாமினேட் செய்து பத்திரப்படுத்துங்கள், குடல்வால் எடுத்ததா இல்லையா என்று அதில் எழுதியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். எழுதவில்லையென்றால் அடுத்த செக்கப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.